“ஒன்றுமில்லை” என்ற பிறகும் பயமா?



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். சரீரத்தில் ஏதோ நடக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு “ஒன்றுமில்லை” என்கிறார். ஆனாலும் தொந்தரவு நிற்கவில்லை, பயமும் போகவில்லை. இப்படிப் பயப்படுகிற விசுவாசி பாவம் செய்கிறானா? அவனுடைய விசுவாசம் பொய்யா? இந்தக் கேள்விக்கு நான் பல வருஷம் மேடையில் நின்று சுலபமாகப் பதில் சொன்னவன். பிறகு அந்தப் பதில் என் தலையிலேயே வந்து விழுந்தது. ஆகையால் இதைப் பிரசங்கமாக அல்ல, பாவ அறிக்கையாக எழுதுகிறேன்.

எங்கள் சபையில் பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு விதவைத் தாயார் உண்டு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தவறமாட்டார்கள். ஜெப வரிசையில் வாராவாரம் முன்னால் வந்து நிற்பார்கள். ஒரு வாரம் நெஞ்சு படபடப்பு. மறுவாரம் உள்ளங்கால் எரிச்சல். அதற்கடுத்த வாரம் தலைக்குள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். “ஐயா, உள்ளுக்குள்ள பெரிய வியாதி ஏதும் இருக்குமோன்னு பயமா இருக்கு. நான் போயிட்டா எம் பிள்ளைய கதி என்ன?” என்பார்கள்.

2015ஆம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. வரிசை நீளமாக இருந்தது. எனக்கும் பசி, பொறுமை இல்லை. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டே, “அம்மா, டாக்டரும் ஒன்றுமில்லை என்கிறார், நானும் எத்தனையோ தரம் ஜெபித்துவிட்டேன். இது வியாதியே இல்லை, அவிசுவாசம். முதலில் மனந்திரும்புங்கள்” என்று சொல்லிப்போட்டேன். பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் “ஆமென்” என்றார்கள். அந்தத் தாயார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமைக்கு வரவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. நான் தேடிப் போகவுமில்லை.

இரண்டு வருஷம் சென்றது. 2017இல் என் வயதுடைய ஒரு ஊழியக்கார சகோதரர் இரைப்பைப் புற்றுநோயில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முதலில் வெறும் கேஸ் தொந்தரவு என்றே நினைத்திருந்தாராம். அடக்க ஆராதனையை நடத்தினது நான்தான். பரலோக நம்பிக்கையைக் குறித்துப் பலமாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு வாரத்துக்குள் என் தொண்டையில் ஒரு உருண்டை நிற்கிற மாதிரி இருந்தது. விழுங்கினாலும் போகாது, துப்பினாலும் வராது. பிறகு இடது கண்ணிமை துடித்தது. விரல் நுனிகள் மரத்தன. ராத்திரி படுத்தால் இருதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு மறு துடிப்பைப் பலமாக அடிப்பது காதுக்குள் கேட்டது.

உள்ளூர் டாக்டரிடம் போனால் விசுவாசிகள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மதுரைக்குப் பஸ் ஏறினேன். இ.சி.ஜி., எக்கோ, எண்டோஸ்கோப்பி, தைராய்டு, தலைக்கு ஸ்கேன். என் மனைவியின் இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “ஒன்றுமில்லை, பாஸ்டர்” என்றார்கள். பஸ்சில் வரும்போது அழுது ஸ்தோத்திரம் பண்ணுவேன். அந்தச் சமாதானம் மூன்று நாள் நிற்கும், நான்கு நாள் நிற்கும். ஐந்தாம் நாள் ராத்திரி, “அந்த ஸ்கேனில் தெரியாத இடத்தில் இருந்தால்?” என்று ஒரு நினைவு வரும். போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு விடியும்வரை வியாதிகளின் பேர்களைத் தேடுவேன். பிரசங்கம் பண்ணும்போதே வேதாகமத்துக்கு அடியில் விரலை வைத்து நாடி பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வெளியூர்க் கூட்டங்களுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிரசங்கியார் தீர்க்கதரிசனமாக என் காரியத்தைச் சொல்லமாட்டாரா என்று காத்திருப்பேன். ஒரு ஊரில், “தொண்டையில் பிரச்சினையுள்ள ஒரு சகோதரனைக் கர்த்தர் தொடுகிறார்” என்று சொன்னார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தச் சமாதானம் எத்தனை நாள் நின்றது தெரியுமா? அதுவும் நான்கு நாள்தான். ஐந்தாம் நாள், “அந்தக் கூட்டத்தில் தொண்டை வலிக்காரன் வேறு எவனாவது இருந்திருப்பானோ” என்று தோன்றிற்று. அன்றைக்கு எனக்கு ஒரு காரியம் உறைத்தது. நான் ஸ்கேனிடத்தில் எதைக் கேட்டேனோ அதையேதான் ஆண்டவரிடத்திலும் கேட்டுக்கொண்டிருந்தேன். “உனக்கு எந்த வியாதியும் இல்லை, இனி வரவும் வராது” என்ற ஒரு சர்டிபிகேட். அதை விசுவாசம் என்று நான் பேர் சொல்லிக்கொண்டேன்.

அந்த நாட்களில் கிதியோனின் சரித்திரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பராக்கிரமசாலி என்று நாம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற கிதியோன் வேதத்தில் பயந்த மனுஷனாகவே வருகிறான். மீதியானியருக்குப் பயந்து ஆலைக்கு அருகே மறைவாகக் கோதுமை போரடிக்கிறான். பாகாலின் பலிபீடத்தை இடிக்கச் சொன்னால், பகலில் செய்யப் பயந்து இரவில் இடிக்கிறான். பிறகு அடையாளம் கேட்கிறான். மயிருள்ள தோல் நனையவேண்டும், தரை காயவேண்டும். அப்படியே ஆயிற்று. போதுமா? போதவில்லை. மறுநாள் தோல் காயவேண்டும், தரை நனையவேண்டும் என்கிறான். இதைத்தானே நாம் இன்னொரு டாக்டரிடம் காட்டிப் பார்ப்போம் என்கிறோம்! கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாந்தரமும் செய்து கொடுத்தார்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். கேட்ட அடையாளம் கிடைத்தபின் கர்த்தர் அவனுடைய சேனையைக் குறைக்கத் தொடங்கினார். முப்பத்தீராயிரம் பேர் இருந்தார்கள். பயமுள்ளவர்கள் திரும்பிப் போகலாம் என்றதும் 22,000 பேர் போனார்கள், 10,000 பேர் நின்றார்கள். அதிலும் கடைசியாக மிஞ்சினது 300 பேர். ஆக, தோலில் பார்த்த நிச்சயத்தை வைத்துக்கொண்டு யுத்தத்துக்குப் போகும்படி கர்த்தர் விடவில்லை. இருந்த நிச்சயமும் கரைந்த பிறகே போகச் சொன்னார்.

பயமுள்ள 22,000 பேர் வீட்டுக்குப் போனார்களே, அன்றைக்கு இரவு கிதியோனுக்குப் பயம் போய்விட்டதா? இல்லை! பாளயத்துக்கு இறங்கிப்போகப் பயமாயிருந்தால் உன் வேலைக்காரனாகிய பூராவைக் கூட்டிக்கொண்டு போ என்ற பொருளில் கர்த்தர் அவனோடே பேசுகிறார் (நியாயாதிபதிகள் 7:10). அவன் பூராவைக் கூட்டிக்கொண்டுதான் போனான். பயப்படுகிறவனைக் கர்த்தர் தள்ளிவிடவில்லை. பயப்படாதவன்போல நடி என்றும் சொல்லவில்லை. மூன்றாவது தோலைப் போடவுமில்லை. கூடப் போக ஒரு ஆளைக் கொடுத்தார். இத்தனை வருஷம் பிரசங்கித்தும் இந்தப் பூராவை நான் கவனித்ததேயில்லை.

எனக்குப் பூரா யார்? ஒருவருமில்லை. ஏனென்றால் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மனைவிக்குப் பாதி தெரியும். சபைக்கு ஒன்றும் தெரியாது. சுகமளிக்கும் ஆராதனையில் கை வைத்து ஜெபிக்கிற பாஸ்டர் பயந்து சாகிறான் என்று எப்படிச் சொல்வது? அப்போதுதான் அந்தப் பீடி சுற்றுகிற தாயாரின் முகம் என் கண் முன்னே வந்து நின்றது. ஒரு சாயங்காலம் தனியாய் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மடியில் முறத்தை வைத்து இலை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்கய்யா” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, “அம்மா, அன்றைக்கு மைக்கில் உங்களை அப்படிப் பேசினது தப்பு. என்னை மன்னிச்சிருங்க” என்றேன். பிறகு என் கதை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஐயா, எங்க எல்லாருக்கும் நீங்க ஜெபம் பண்ணுதிய. உங்களுக்கு யாரு ஜெபம் பண்ணுதா?” என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. தரையில் முழங்காலிட்டு, “ஆண்டவரே, ஐயாவுக்குப் பயமா இருக்கு. நீங்க கூட இருங்க” என்று ஜெபித்தார்கள். அவ்வளவுதான் ஜெபம். பிசாசைக் கடிந்துகொள்ளவில்லை, வியாதிக்குக் கட்டளையிடவில்லை. பிறகு முறத்தை எடுத்துக்கொண்டே, “பெரியாஸ்பத்திரியில மனநலத்துக்குன்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்க. நான் இப்ப அவங்களத்தான் பாக்கேன். வெக்கப்படாம போங்க ஐயா. வேணும்னா நானும் கூட வாறேன்” என்றார்கள். நான் சபையைவிட்டு விரட்டின தாயாரையே கர்த்தர் எனக்குப் பூராவாகக் கொடுத்தார்.

போனேன். அந்த டாக்டரம்மா என் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். “ஒன்றுமில்லை” என்று சொல்லவில்லை. “உங்கள் தொந்தரவு பொய்யில்லை. நிஜமாகவே நடக்கிறது” என்றுதான் முதலில் சொன்னார்கள். பயம் வந்தால் சரீரம் ஆபத்துக்கு ஆயத்தமாகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இருதயம் வேகமாக அடிக்கிறது. நமக்குத் தெரியாமலே மூச்சு வேகமாகி, இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். தொண்டைத் தசை இறுகினால் உருண்டை நிற்கிற மாதிரி இருக்கும். அதையே நாள் முழுவதும் கவனித்துக்கொண்டிருந்தால் மூளை அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும். முன்காலத்தில் இதற்கு ஏளனமான ஒரு பேர் இருந்தது. 2013ஆம் வருஷம் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டிலிருந்து அந்தப் பேரையே எடுத்துவிட்டது. காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதை வைத்து மட்டும் ஒருவருடைய வேதனையை மனதின் கற்பனை என்று தீர்க்கக்கூடாது என்பதையும் அதில் ஒத்துக்கொண்டார்கள். டாக்டர்கள் மனந்திரும்பிவிட்டார்கள். சபை மேடையில் நின்ற நான்தான் திரும்பவில்லை.

எனக்குக் கொடுத்த ஒழுங்கு இதுதான். பயம் கூப்பிடும்போதெல்லாம் ஓடாமல், குறித்த தேதியில் ஒரே டாக்டரைப் பார்க்கவேண்டும். புதிதாக ஏதாவது வந்தாலொழிய மறுபடியும் டெஸ்ட் வேண்டாம். ராத்திரி செல்போனில் தேடக்கூடாது. நாடி பார்க்கக்கூடாது. தினமும் நடக்கவேண்டும். கொஞ்ச நாள் மாத்திரையும் சாப்பிட்டேன், அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

இப்பொழுது முதல் கேள்விக்கு வருகிறேன். பயம் பாவமா? கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவர் திகிலும் வியாகுலமும் அடைந்தார் என்று சுவிசேஷம் மறைக்காமல் சொல்கிறது. பாவமில்லாதவர் மரணத்துக்கு முன்பாக நடுங்கினார் என்றால், நடுக்கத்தையே பாவம் என்று நான் எப்படிச் சொல்வேன்? அவரும் அந்த இராத்திரியில் சீஷர்களைக் கூட விழித்திருக்கும்படி கேட்டார். பயம் பாவமல்ல, பிரியமானவர்களே. ஆனால் பயத்துக்கு நான் செய்த ஊழியம் பாவம். அதே நாட்களில் எங்கள் சபையில் ஒரு முதியவர் வாய்ப் புற்றுநோயில் படுத்திருந்தார். அவரைப் பார்த்தால் என் பயம் கூடும் என்று நான் போகவில்லை, உதவி ஊழியரை அனுப்பிவிட்டேன். அவர் மூன்று தடவை என்னைக் கேட்டாராம். நான் போகாமலே அவர் கர்த்தரிடத்தில் போய்ச் சேர்ந்தார். வராத என் புற்றுநோயைக் குறித்து அழுத நான், வந்திருந்த அவருடைய புற்றுநோயைப் பார்க்கக் கண்ணை மூடிக்கொண்டேன். இதைத்தான் நான் கர்த்தருடைய சமுகத்தில் கண்ணீரோடு அறிக்கை செய்தேன். என் இருதயம் படபடத்ததைக் குறித்து அவர் என்னிடம் கணக்குக் கேட்கமாட்டார். அந்தக் கட்டிலைக் குறித்துக் கேட்பார்.

அப்படியானால் விசுவாசம் என்றால் என்ன? கர்த்தர் இன்றும் சுகமாக்குகிறார். என் கண்களால் கண்டிருக்கிறேன், மறுக்கமாட்டேன். ஆனால் அதே வேதத்தில், பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடே விட்டுவிட்டு வந்தான். எப்பாப்பிரோதீத்து சாகும் தருவாய்வரை போனான். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு அடிக்கடி வந்தது, பவுல் கைக்குட்டையை அனுப்பாமல் கைமருந்து சொன்னான். பவுலுக்கே மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. அது என்ன வியாதி என்று வேதத்தில் எங்கும் இல்லை. எத்தனையோ பண்டிதர்கள் கண் நோய் என்றும் காய்ச்சல் என்றும் யூகித்துப் பார்த்தார்கள். பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டான். முள் எடுபடவுமில்லை, அதற்குப் பேர் சொல்லப்படவுமில்லை. கிருபை கூட இருக்கும் என்ற பதில் மட்டும் வந்தது. மூன்று தரத்தோடே பவுல் கேட்பதை நிறுத்திவிட்டு ஊழியத்துக்குப் போய்விட்டான். பேர் தெரியாத முள்ளோடே நடந்துபோக முடிந்ததே, அதுதான் விசுவாசம். எனக்கு வியாதியில்லை என்ற நிச்சயம் விசுவாசமல்ல. மண்ணான மனுஷனுக்கு அப்படிப்பட்ட நிச்சயத்தை எந்த ஸ்கேனும் தராது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் அவருடைய கையில் இருக்கிறேன் என்பதே விசுவாசம்.

டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று சொல்லுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எசேக்கியாவுக்குக் கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார், ஆனாலும் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன. 1527இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது மார்ட்டின் லூத்தர் ஊரைவிட்டு ஓடாமல் நோயாளிகளோடே தங்கினார். அந்த வருஷத்தில் அவருக்கே மயக்கமும் காதிரைச்சலும் வந்து மரித்துவிடுவோம் என்று பயந்தார். அப்படிப்பட்டவர், மருந்தை வேண்டுமென்று வெறுக்கிறவன் தேவனைப் பரீட்சை பார்க்கிறான் என்ற கருத்தில் எழுதினார். வேலூரில் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கட்டர் அம்மையார் தொடங்கின வைத்திய ஊழியம் ஆலமரமாய் நிற்கிறது. அதுவும் ஜெபத்தில் பிறந்ததுதான்.

ஆகவே ஊழியக்காரருக்குச் சொல்லுகிறேன்: “ஒன்றுமில்லை” என்று சொல்லி யாரையும் அனுப்பிவிடாதிருங்கள். முதலில், “டாக்டரைப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். நெஞ்சுவலியோடு வியர்த்தால், ஒரு பக்கம் கை கால் பலவீனமானால், மலத்தில் இரத்தம் போனால், கட்டி தென்பட்டால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், தாமதிக்கவேண்டாம். சர்க்கரைக்கும் இரத்தக்கொதிப்புக்கும் டி.பி.க்கும் சாப்பிடுகிற மருந்தை, சுகமானேன் என்று தானாக நிறுத்தவேண்டாம் என்று மேடையில் சொல்லுங்கள். எல்லா டெஸ்டும் முடிந்தும் தொந்தரவு நிற்காதவர்களைத் தனியே விடாதிருங்கள். அவர்களோடே பாளயத்துக்கு இறங்கிப் போக ஒரு பூரா வேண்டும்.

நான் அந்தத் தாயாரை மைக்கில் அவமானப்படுத்தினேன். மைக்கிலேயே மன்னிப்புக் கேட்டால்தான் நியாயம். அவர்களிடம் உத்தரவு கேட்டு, ஒரு ஞாயிறு ஆராதனையில் சபை முன்பாகக் கேட்டேன். அன்றைக்கு ஒருவரும் “ஆமென்” சொல்லவில்லை. ஆனால் ஆராதனை முடிந்தபின், “பாஸ்டர், எனக்கும் ராத்திரியில் அப்படித்தான்” என்று சொல்ல ஏழு பேர் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் சபை மூப்பர்.

இன்றைக்கும் சில ராத்திரிகளில் என் இருதயம் ஒரு துடிப்பை விடுகிறது. தொண்டையில் உருண்டை வந்து நிற்கிறது. சாட்சி சொல்லுகிறபோது அது முற்றிலும் போய்விட்டது என்று முடிப்பதே நம்முடைய வழக்கம். எனக்கு அப்படி முடிக்கக் கூடாது, பொய்யாகிவிடும். அந்த நேரத்தில் செல்போனை எடுக்கிறதில்லை. “ஆண்டவரே, பயமா இருக்கு, நீங்க கூட இருங்க” என்று அந்தத் தாயார் ஜெபித்ததையே ஜெபிக்கிறேன். பிறகு விடிந்ததும் வியாதியஸ்தரைப் பார்க்கப் போகிறேன். அநேகமாக அவர்களும் கூட வருகிறார்கள்.

ஜெபிப்போமா? அன்பின் ஆண்டவரே, பேர் தெரியாத வேதனையோடே இதை வாசிக்கிற உம்முடைய பிள்ளையை நினைத்தருளும். சுகம் கொடும். சுகம் தாமதித்தால் துணை கொடும். அவர்களைக் கடிந்துகொண்ட எங்கள் நாவை மன்னியும். எங்கள் பயத்தினிமித்தம் வேறொருவருடைய கட்டிலை விட்டு நாங்கள் விலகாதபடி காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.